சோதனை அவர்களுக்கு, காத்திருப்பு நமக்கா?



கடந்த மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, தெஹிவளையில் காலி வீதியோரமாக உள்ள எங்கள் கொழும்புத் தொடர்பு அலுவலகத்தைத் திறக்கப் போனபோது படிக்கட்டில் ஒரு தம்பி உட்கார்ந்திருந்தார். தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்தவர். வயது 22. உயர்தரம் வரை படித்தவர். மடியில் ஒரு பை. பைக்குள் சான்றிதழ்கள், கிராம உத்தியோகத்தரின் நற்சான்று, பொலிஸ் அறிக்கை, இரண்டு சட்டை. "அண்ணே, நான் ஒண்ணும் செய்யல. ஆனா வேலை போயிருச்சு" என்பதுதான் அவர் சொன்ன முதல் வார்த்தை.

நடந்தது இதுதான். ஒரு களஞ்சியசாலையில் வேலைக்கு நேர்முகப் பரீட்சை. தேறிவிட்டார். "எல்லாம் சரி, போதைப்பொருள் சோதனை மட்டும் பாக்கி" என்றார்கள். அடுத்த நாளே சொன்ன இடத்துக்குப் போய், சொந்தக் காசு கட்டி, சிறுநீர் மாதிரி கொடுத்தார். "இரண்டு நாளில் அறிக்கை வரும், கொழும்பிலேயே இருங்கள், கூப்பிட்டதும் வரவேண்டும்" என்றார்கள். ஊருக்குப் போய்வர பஸ் கூலியும் ஒரு முழு நாளும் வேண்டும் என்பதால் தெஹிவளையில் ஒரு போர்டிங்கில் நான்கு பேரோடு பாய் விரித்துப் படுத்தார். இரண்டு நாள் நான்கானது. நடுவில் சனி, ஞாயிறு. திங்கள் போயா. எட்டாவது நாள் தொலைபேசி எடுத்துக் கேட்டபோது, "ஆட்கள் அவசரமாகத் தேவைப்பட்டது, வேறொருவரைச் சேர்த்துவிட்டோம்" என்றார்கள். அறிக்கை வந்தது பதினோராவது நாள். அதில் எந்தப் போதைப்பொருளும் இல்லை என்று எழுதியிருந்தது. அந்த அறிக்கையைக்கூட அவர் கையில் கொடுக்கவில்லை. தொலைபேசியில் வாசித்துக் காட்டினார்கள்.

சோதனையில் தேறியும் வேலையை இழந்தவர் இவர் ஒருவர் மட்டும் அல்ல. வெள்ளவத்தையில், தெஹிவளையில், கொட்டாஞ்சேனையில் கடைகளிலும் ஹொட்டேல்களிலும் காவல் கம்பனிகளிலும் வேலை தேடி மலையிலிருந்து இறங்கி வரும் நமது பிள்ளைகள் இதே கதையை வேறு வேறு விதமாக எங்களிடம் சொல்கிறார்கள். ஆகவே இந்த இதழில் இதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

சோதனையை நாம் எதிர்க்கவில்லை

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். போதைப்பொருள் நமது தோட்டங்களுக்கு வெளியே நிற்கும் பிரச்சினை அல்ல. கசிப்பு குடித்துக் கெட்ட குடும்பங்களை நமக்குத் தெரியும். இன்று கஞ்சாவும் ஐஸும் லயத்து வாசல் வரை வந்துவிட்டன. பாடசாலை முடித்து வேலையில்லாமல் நிற்கும் பிள்ளையைத் தேடித்தான் அது முதலில் வருகிறது. அரசாங்கம் 2023 டிசம்பரில் 'யுக்திய' நடவடிக்கையைத் தொடங்கியது. 2025 ஒக்டோபரில் 'முழு நாடுமே ஒன்றாக' என்று தேசிய வேலைத்திட்டம் ஒன்றை ஆரம்பித்தது. அவற்றைப் பற்றிய நமது கருத்து எதுவாக இருந்தாலும், பிரச்சினை உண்மையானது என்பதில் நமக்குச் சந்தேகமில்லை.

பஸ் ஓட்டுபவரும் பாரந்தூக்கி இயக்குபவரும் தெளிந்த புத்தியோடு இருக்கவேண்டும் என்பதும் நமது கோரிக்கைதான். 2025 மே 11 ஆம் திகதி கொத்மலை கெரண்டியெல்லவில் பஸ் பள்ளத்தில் பாய்ந்து 20இற்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். அதற்குப் போதைப்பொருள் காரணம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் மலைப்பாதையில் நம் உயிர் சாரதியின் கையில் இருக்கிறது என்பதை நாம் ஒவ்வொரு நாளும் அறிந்தே பயணம் செய்கிறோம். ஆகவே பாதுகாப்பு தேவைப்படும் வேலைக்குச் சோதனை வைத்தால் வையுங்கள்.

நமது கேள்வி வேறு. சோதனையைக் கேட்பவர் தொழில் தருநர். அதனால் பயன் அடைபவரும் அவர். அப்படியிருக்க, மாதிரி கொடுத்த நாளுக்கும் அறிக்கை வரும் நாளுக்கும் இடைப்பட்ட நாட்களின் செலவை ஏன் தொழிலாளி தலையில் கட்டுகிறீர்கள்?

இந்தச் சோதனைக்கு எவ்வளவு நேரம் வேண்டும்?

நமது பிள்ளைகளுக்கு இதை யாரும் விளக்கிச் சொல்வதில்லை. ஆகவே நாம் சொல்வோம்.

வேலைக்கு முன் செய்யும் போதைப்பொருள் சோதனை பெரும்பாலும் சிறுநீரில் செய்யப்படுகிறது. அதில் இரண்டு படி உண்டு. முதற்படி, மேலோட்டமாகப் பார்க்கும் சோதனை. கர்ப்பம் பார்க்கும் பட்டியைப் போன்ற ஒரு பட்டியில் சில துளி விட்டால் சில நிமிடங்களில் கோடு விழும். ஆய்வுகூடத்தில் இயந்திரத்தில் செய்தாலும் சில மணித்தியால வேலைதான். கோடு சரியாக விழுந்து 'இல்லை' என்று வந்தால் வேலை அத்தோடு முடிந்தது. பொதுவாக ஒரு நாள், அதிகம் போனால் இரண்டு நாளில் அறிக்கை எழுதிக் கொடுத்துவிடலாம்.

'இருக்கலாம்' என்று வந்தால்தான் இரண்டாம் படி. அதே மாதிரியை இன்னொரு முறையில், ஒவ்வொரு பொருளையும் பிரித்து நிறை பார்த்து அடையாளம் காணும் பெரிய இயந்திரத்தில் மீண்டும் சோதிக்கவேண்டும். அதற்குப் பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டும். மேலும் சில நாட்கள் எடுக்கும். இது நியாயமான தாமதம். இதை நாம் குறை சொல்லவில்லை. உண்மையில் இந்த இரண்டாம் படி கட்டாயம் நடக்கவேண்டும் என்பதே நமது கோரிக்கை.

அப்படியானால் 'இல்லை' என்று வந்த தம்பிக்குப் பதினொரு நாள் ஏன் ஆனது? அவருக்குத் தேவைப்பட்டது முதற்படி மட்டும்தானே? எங்களிடம் வந்த பிள்ளைகளின் கதைகளைக் கோத்துப் பார்த்தால் காரணங்கள் விளங்குகின்றன. பல பேருடைய மாதிரிகள் சேரும்வரை வைத்திருந்து ஒன்றாக அனுப்புகிறார்கள், செலவு குறையும் என்று. சேகரிக்கும் இடம் ஒன்று, ஆய்வுகூடம் வேறொன்று. இடையில் முகவர் ஒருவர். அறிக்கை ஆய்வுகூடத்திலிருந்து முகவருக்கு, முகவரிடமிருந்து கம்பனிக்கு, கம்பனியில் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு என்று நடந்து போகிறது. அதிகாரி லீவு, வார இறுதி, போயா. ஆக, இயந்திரம் எடுத்துக்கொண்டது சில மணித்தியாலம். மிச்சமெல்லாம் மனிதர்கள் அக்கறையில்லாமல் கழித்த நாட்கள். விஞ்ஞானத்தின் பெயரால் அந்த நாட்களை நம்மிடம் விற்கிறார்கள்.

பதினொரு நாளின் கணக்கு

மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குப் பதினொரு நாள் என்பது ஒரு கோப்பு. இந்தப் பக்கம் இருப்பவருக்கு அது என்ன?

தோட்டத்தில் நாள் கணக்கை நாம் பெயராக எண்ணுகிறோம். பதினொரு நாள் என்பது பதினொரு பெயர். 2024 செப்டெம்பரில் சம்பள நிர்ணய சபையினூடாக வந்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. அதன் பின் வந்த உயர்வைச் சேர்க்காமலே கணக்குப் பார்த்தாலும் 14,850 ரூபா. அவருடைய அம்மா அட்டைக்கடியிலும் மழையிலும் நின்று கொழுந்து பறித்துச் சம்பாதிக்கும் பதினொரு நாள். அதற்கு மேல் போர்டிங் கூலி, மூன்று வேளைச் சாப்பாடு, சோதனைக்குக் கட்டிய காசு, பஸ் கூலி. அந்தத் தம்பி கொழும்புக்கு வரும்போது அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போயிருந்தது. வேலை கிடைத்து முதல் சம்பளத்தில் மீட்பதாகத் திட்டம்.

கொழும்பில் வீடுள்ள ஒரு பிள்ளைக்கு இதே தாமதம் வெறும் தாமதம். வீட்டிலிருந்து சாப்பிட்டுவிட்டுத் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். மலையிலிருந்து வரும் பிள்ளைக்கு அது கடன். ஒரே சோதனை, ஒரே அறிக்கை, ஒரே 'இல்லை'. ஆனால் இருவர் கட்டும் விலை வேறு. ஐந்தாம் நாளிலேயே காசு தீர்ந்து ஊருக்குத் திரும்பிவிட்டவர்களும் உண்டு. அப்படிப் போனவர்களை 'சோதனைக்குப் பயந்து ஓடிவிட்டான்' என்று எழுதி வைப்பதும் உண்டு. வறுமைக்கும் குற்றத்துக்கும் ஒரே முத்திரை.

தராசு முள்ளை நாமும் பார்க்கவேண்டும்

கொழுந்து நிறுப்பதைப் பற்றி நமக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. சாக்குக்கு இவ்வளவு, தண்ணீருக்கு இவ்வளவு என்று கிலோவைக் கழித்த காலம் முழுவதும் நமது சங்கங்கள் கேட்டது ஒன்றைத்தான்: பறித்தவருக்கு முள் தெரியவேண்டும், எழுதிய நிறை அவர் கையிலும் இருக்கவேண்டும். நிறுப்பதே வேண்டாம் என்று நாம் ஒருபோதும் சொன்னதில்லை.

இந்தச் சோதனைக்கும் அதே நியாயம்தான். நமது உடலிலிருந்து எடுத்த மாதிரி. நமது பெயர் எழுதிய அறிக்கை. ஆனால் அதை முதலில் பார்ப்பவர் முகவர், பிறகு கம்பனி. நாம் மட்டும் பார்க்கக்கூடாது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருவருடைய உடல்நலம் பற்றிய தகவலை விசேட பாதுகாப்புக்குரிய தகவலாக வகைப்படுத்துகிறது. சட்டப் புத்தகத்தில் இருப்பது காலி வீதியின் மேசைகளுக்கு எப்போது வந்து சேரும் என்பதுதான் கேள்வி.

பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் கூர்மையானது. ஒரே கோப்பைச் சிறுநீரில் போதைப்பொருளும் பார்க்கலாம், கர்ப்பமும் பார்க்கலாம், சீனியும் பார்க்கலாம். எதையெல்லாம் பார்க்கப்போகிறீர்கள் என்று முன்கூட்டிச் சொல்லி, எழுத்தில் சம்மதம் வாங்கவேண்டும். மாதிரி எடுக்கும்போது பெண் ஒருவர் அருகில் இருக்கவேண்டும். இதைக் கேட்பது நாணக்கேடு அல்ல, உரிமை.

முதற்கோடு தீர்ப்பு ஆகாது

தாமதத்தைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு, அவசரத்தைப் பற்றியும் பேசவேண்டும். ஏனென்றால் இன்னொரு வகை அநியாயம் அங்கே நடக்கிறது. முதற்படிப் பட்டியில் கோடு பிசகினால் அந்த நிமிடமே 'இவன் போதைக்காரன்' என்று முடிவு கட்டி அனுப்பிவிடுவது.

முதற்படிச் சோதனை ஒரு பொருளைத் தனியாக அடையாளம் காண்பதில்லை. அதைப் போன்ற உருவமுள்ள வேறு பொருளையும் பிடித்துவிடும். சளிக்குக் கொடுக்கும் சில மருந்துகள் ஐஸ் வகைக்கான கோட்டைக் குழப்பக்கூடும். கொடெயின் கலந்த இருமல் மருந்தும் வலி மாத்திரையும் உடலில் மோர்பினாக மாறி, ஹெரோயின் வகைக்கான கோட்டில் விழும். இந்தியச் சமையலில் அரைத்து ஊற்றும் கசகசாகூட அப்படித்தான். (நம்மூர்ப் பாலூடாவில் மிதக்கும் கசகசா வேறு விதை, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) இந்தக் காரணத்தால்தான் அமெரிக்காவில் அரசாங்க விதிப்படி நடக்கும் சோதனைகளில், இந்த வகைக்கான முதற்படி எல்லையை 1998இல் மில்லிலீட்டருக்கு 300 நானோகிராமிலிருந்து 2,000 ஆக உயர்த்தினார்கள்.

அதே நாட்டில் லொறி, பஸ், ரயில், விமானம் ஆகியவற்றில் வேலை செய்வோருக்கான விதி இன்னும் பார்க்கத்தக்கது. மாதிரியை இரண்டு போத்தலாகப் பிரித்து முத்திரை வைக்கிறார்கள். முதற்படியில் பிசகு வந்தால் இரண்டாம் படி முடியும்வரை தொழில் தருநருக்குச் சொல்வதில்லை. அதன்பின் ஒரு வைத்தியர் தொழிலாளியோடு பேசி, என்ன மருந்து குடித்தாய் என்று கேட்டு, சீட்டைப் பார்த்த பிறகே முடிவைச் சொல்கிறார். முடிவு பாதகமாக வந்தாலும், 72 மணித்தியாலத்துக்குள் கேட்டால் இரண்டாவது போத்தலை வேறொரு ஆய்வுகூடத்தில் சோதிக்கவேண்டும். தொழிலாளருக்குச் சலுகை காட்டும் நாடு என்று அமெரிக்காவை யாரும் சொல்லமாட்டார்கள். அங்கேயே இது நடக்குமானால் இங்கே நடக்க முடியாது என்று சொல்ல எவருக்கும் நியாயமில்லை.

நமது பிள்ளைகளுக்கு நடப்பதைப் பாருங்கள். 'சரியில்லை' என்ற ஒரு வார்த்தை தொலைபேசியில் வருகிறது. என்ன பொருள், எவ்வளவு, இரண்டாம் படி செய்தார்களா, ஒன்றும் தெரியாது. அதே தோட்டத்திலிருந்து வந்த இன்னொருவர் காதில் அது விழுகிறது. மாலைக்குள் லயத்துக்குப் போய்ச் சேர்கிறது. அடுத்த நாள் பிரட்டுக்களத்தில் அம்மா தலை குனிந்து நிற்கிறார். தங்கச்சிக்கு வந்த சம்பந்தம் திரும்பிப் போகிறது. பிறகு உண்மை வேறு என்று தெரிந்தாலும் அந்தச் சொல்லை யார் போய் லயம் லயமாகத் திருப்பி எடுப்பது?

பழைய அறிக்கை யாருக்கும் பாதுகாப்பு இல்லை

தொழில் தருநர்களோடு பேசும்போது அவர்கள் சொல்லும் பதில் இரண்டு. 'பாதுகாப்புக்காகத்தானே காத்திருக்கச் சொல்கிறோம்' என்பது ஒன்று. 'வேலையை எவ்வளவு நாள் காலியாக வைத்திருப்பது' என்பது மற்றது.

முதலாவதற்கு நமது பதில்: சிறுநீரில் பெரும்பாலான போதைப்பொருள்கள் இரண்டு மூன்று நாளுக்கு, சில வேளை நாலு நாளுக்குத்தான் தெரியும். தொடர்ந்து பாவிப்பவரின் கஞ்சா மட்டும் வாரக் கணக்கில் நிற்கும். ஆகவே முதலாம் நாள் கொடுத்த மாதிரி, அதற்கு முந்திய சில நாட்களைப் பற்றி மட்டுமே பேசும். பன்னிரண்டாம் நாள் ஒருவரை வேலைக்குச் சேர்த்தால், இடையில் போன நாட்களைப் பற்றி அந்த அறிக்கைக்கு ஒன்றும் தெரியாது. தாமதம் பாதுகாப்பைக் கூட்டவில்லை, குறைக்கிறது. சீக்கிரம் வரும் அறிக்கைதான் கம்பனிக்கும் பயன், நமக்கும் பயன்.

இரண்டாவதற்கு நமது பதில்: காலியாக வைக்கவேண்டாம். அறிக்கைக்கு உட்பட்டது என்று எழுதி நியமனக் கடிதத்தைக் கொடுங்கள். ஆபத்தில்லாத வேலையில், அல்லது பயிற்சியில், அன்றே சேர்த்துக்கொள்ளுங்கள். சம்பளம் அன்றிலிருந்து ஓடட்டும். அப்படிச் செய்தால் அறிக்கை பதினோராம் நாள்வரை மேசையில் தூங்காது. தாமதத்துக்குத் தாங்களே காசு கட்டவேண்டும் என்று வந்தால், எந்தக் கம்பனியும் மூன்றாம் நாளே தொலைபேசி எடுத்து அறிக்கையைக் கேட்கும். இது நமது நீண்டகால அனுபவம். நட்டம் யார் பக்கம் விழுகிறதோ அவர்தான் அவசரப்படுவார்.

வெளிநாடு போவோருக்கும் இதே கதை

மத்திய கிழக்குக்கும் மலேசியாவுக்கும் போகும் நமது சகோதர சகோதரிகள் இதைவிட நீண்ட வரிசையில் நிற்கிறார்கள். வளைகுடா நாடுகளுக்கு அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிலையத்தில்தான் பரிசோதனை செய்யவேண்டும். சான்றிதழ் ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே செல்லுபடியாகும். விசா தாமதமானால் மீண்டும் பரிசோதனை, மீண்டும் காசு. மலேசியாவில் வெளிநாட்டுத் தொழிலாளர் போய் இறங்கி 30 நாட்களுக்குள் அந்நாட்டு மருத்துவப் பரிசோதனைக்குப் போகவேண்டும். அதில் சிறுநீரில் அபின் வகையும் கஞ்சாவும் பார்க்கிறார்கள். தேறாவிட்டால் திருப்பி அனுப்பப்படுவார்கள். இங்கே பட்ட கடன் அப்படியே இருக்கும்.

சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2019இல் வெளியிட்ட வரைவிலக்கணத்தில், மருத்துவப் பரிசோதனைச் செலவும் ஆட்சேர்ப்பு தொடர்பான செலவுகளில் ஒன்று என்று எழுதப்பட்டிருக்கிறது. அந்தச் செலவைத் தொழிலாளியிடம் அறவிடக்கூடாது என்பதே அதன் கொள்கை. அதே அமைப்பு 1996இலேயே வேலைத்தலத்தில் மது, போதைப்பொருள் விடயங்களைக் கையாள்வதற்கான நடைமுறைக் கோவை ஒன்றை வெளியிட்டது. போதைப் பழக்கத்தைத் தண்டனைக்குரிய விடயமாக மட்டும் பார்க்காமல் உடல்நலப் பிரச்சினையாகவும் பார்க்கவேண்டும், இரகசியம் பேணவேண்டும் என்பவை அதில் உள்ளன. இவை நாம் கற்பனை செய்து கேட்பவை அல்ல. உலகம் ஏற்றுக்கொண்டவை.

நமக்கு இது புதிதும் அல்ல. நமது பாட்டன் பூட்டன் மண்டபம் முகாமில் நாள் கணக்கில் அடைபட்டு, வைத்தியர் பார்த்து விட்ட பிறகுதான் கப்பல் ஏறினார்கள். உடம்பைக் காட்டி, யாரோ ஒருவர் சொல்லும் வார்த்தைக்குக் காத்திருந்துதான் இந்த நாட்டுக்குள் காலெடுத்து வைத்தோம். 1823இலிருந்து எண்ணினால் 200 ஆண்டுகள் தாண்டிவிட்டன. இன்றும் பேரப்பிள்ளை கொழும்பில் ஒரு பாயில் படுத்து அதே வார்த்தைக்குக் காத்திருக்கிறான்.

நாம் கேட்பது

1. சோதனை உண்டா, எதற்காக, எப்போது அறிக்கை வரும் என்பதை நேர்முகப் பரீட்சைக்கு அழைக்கும் கடிதத்திலேயே எழுதவேண்டும்.

2. முதற்படி அறிக்கைக்கு இரண்டு வேலை நாள், இரண்டாம் படி தேவைப்பட்டால் மொத்தம் ஏழு வேலை நாள் என்று எல்லை வைக்கவேண்டும். தொழில் திணைக்களம் இதைத் தொழில் தருநர் சம்மேளனத்தோடும் சங்கங்களோடும் பேசி விதியாக்கவேண்டும்.

3. சோதனைச் செலவு தொழில் தருநருடையது. எல்லை தாண்டிய ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நாட்சம்பளம் கொடுக்கவேண்டும். அறிக்கை வரும்வரை அந்த இடத்துக்கு வேறொருவரைச் சேர்க்கக்கூடாது.

4. இரண்டாம் படி முடியாமல், வைத்தியர் ஒருவர் பேசாமல், எவரையும் நிராகரிக்கக்கூடாது. மறுசோதனைக்கு இரண்டாவது போத்தல் இருக்கவேண்டும்.

5. அறிக்கையின் பிரதி முதலில் தொழிலாளி கையில், அவருக்கு விளங்கும் மொழியில்.

6. மாதிரி கொடுக்கக் கொழும்புக்குத்தான் வரவேண்டும் என்ற நிலை மாறவேண்டும். நுவரெலியா, பதுளை, ஹட்டன், இரத்தினபுரி ஆகிய இடங்களில் அங்கீகரிக்கப்பட்ட சேகரிப்பு நிலையம் வேண்டும். மாதிரி பஸ்ஸில் வரட்டும், பிள்ளை வீட்டில் இருக்கட்டும்.

பிள்ளைகளே, நீங்கள் செய்யவேண்டியது

இந்தக் கோரிக்கைகள் நிறைவேறும்வரை சும்மா இருக்க முடியாது. ஆகவே வேலை தேடி வரும் தம்பி தங்கச்சிமாருக்குச் சில வார்த்தை.

சோதனைக்குப் போகுமுன் கடந்த இரண்டு வாரத்தில் குடித்த மருந்துகளை எழுதிக்கொள்ளுங்கள். தோட்டத்து மருந்தகத்தில் கொடுத்ததாக இருந்தாலும் சீட்டைக் கையில் வைத்திருங்கள். மாதிரி போத்தலில் உங்கள் பெயரும் இலக்கமும் சரியா என்று உங்கள் கண்ணால் பார்த்து, உங்கள் முன்னாலேயே முத்திரை வைக்கச் சொல்லுங்கள். பற்றுச்சீட்டு வாங்காமல் வெளியே வரவேண்டாம். அதில் திகதியும் நேரமும் இருக்கவேண்டும். எப்போது அறிக்கை என்று கேட்டு, சொன்னவர் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். சொன்ன நாள் தாண்டினால் அன்றே எங்களுக்குச் சொல்லுங்கள், எட்டாம் நாள்வரை பொறுக்கவேண்டாம். வெளிநாடு போவோர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கும் முறையிடலாம்.

பழக்கத்தில் சிக்கியவர்களுக்கும் சொல்கிறோம். ஒளிந்துகொள்ளவேண்டாம். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இலக்கத்தில் ஆலோசனை கேட்கலாம். எங்களிடம் வந்தால் கூட்டிப்போவோம். சங்கத்தில் உங்கள் பெயர் வெட்டப்படாது.

கடைசியாக நமக்கு நாமே சொல்லிக்கொள்ளவேண்டிய ஒன்று. கொழும்பிலிருந்து ஒரு சொல் வந்தால் அதை லயத்துக்கு லயம் கொண்டு போவது கம்பனியோ முகவரோ அல்ல, நாம்தான். அடுத்த முறை அப்படி ஒரு சொல் காதில் விழுந்தால், 'அறிக்கையைப் பார்த்தாயா?' என்று மட்டும் கேளுங்கள். பார்க்கவில்லை என்றால் அந்தச் சொல் உங்களோடு நிற்கட்டும்.

அந்தத் தம்பியைப் பற்றிக் கேட்பீர்கள். சங்கத்தின் கடிதத்தோடு நாங்கள் அந்தக் கம்பனிக்குப் போனோம். இடம் நிரம்பிவிட்டது என்ற பதில் மாறவில்லை. ஆனால் அறிக்கையின் பிரதியைக் கேட்டு, ஒரு மணித்தியாலம் வாசலில் நின்று, வாங்கி அவர் கையில் கொடுத்தோம். அதை மடித்துச் சான்றிதழ்களோடு பைக்குள் வைத்துக்கொண்டார். "ஊர்ல காட்டணும் அண்ணே" என்றார். இப்போது தெஹிவளையிலேயே ஒரு கடையில் நிற்கிறார். அம்மாவின் தோடு இன்னும் மீட்கப்படவில்லை.

பதினொரு நாள் கழித்துத் தொலைபேசியில் வாசித்துக் காட்டியதை ஒரு மணித்தியாலத்தில் கையில் கொடுக்க முடிந்தது. வாசலில் சங்கம் நின்றதால் முடிந்தது. சங்கம் நிற்காத வாசலிலும் அது நடக்கவேண்டும். அதற்குத்தான் இந்தக் கோரிக்கைகள். உங்கள் தோட்டக் கமிட்டியில் இவற்றை வாசித்து, சேர்க்கவேண்டியதைச் சேர்த்து, அடுத்த மாதக் கூட்டத்துக்குள் அனுப்பி வையுங்கள்.